காலரில் குத்திய சீட்டு

அந்த லாண்டரியில் இஸ்திரி போடுகிறவரை வாடிக்கையாளர்கள் 'லேபிள் தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைப் படிக்காமல் அவர் எந்தத் துணியையும் தொடமாட்டார். கழுத்தை உறுத்துகிறதென்று யாராவது அதை வெட்டியிருந்தால், "எவ்வளவு சூடு தாங்கும்னு எழுதியிருந்த இடத்தையே வெட்டிட்டீங்களே, நான் சட்டைகிட்டயா கேட்கிறது?" என்று துணியைத் திருப்பி நீட்டிவிடுவார்.

"வர்றவங்களை எல்லாம் விரட்டுங்க. சாயங்காலம் நம்ம ரெண்டு பேரு துணியையே மாத்தி மாத்தி இஸ்திரி போட்டுக்கலாம்" என்பார் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அண்ணி.

இதே தம்பிதான் ஐந்து வருடத்துக்கு முன், மூன்று மாதம் வீட்டு வாசற்கதவில் முதுகைச் சாய்த்துக் காவல் உட்கார்ந்திருந்தார். வெளியே தன்னைக் கொல்லப் பேசிக்கொள்ளும் குரல்கள் அவருக்கு மட்டும் கேட்டன. இரண்டு மருந்துகள் பலிக்கவில்லை. மூன்றாவதாகக் கொடுத்த க்ளோசபின்தான் குரல்களை அடக்கியது. ஆனால் அந்த மருந்து சிலருக்கு இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று மருத்துவமனை அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அவருக்கு எச்சில் விழுங்கினாலே முள்ளாய்க் குத்தியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. காய்ச்சல் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்துவிட்டார்.

மதியம் டீ டம்ளரை நீட்டியபோது அண்ணியின் விரலில் அவர் கை பட்டது.

"தம்பி, கை ஏன் இப்படிக் கொதிக்குது?"

"இஸ்திரிப்பெட்டி பக்கத்துல நிக்கிறேன்ல அண்ணி."

"நேத்துவரைக்கும் அது ஐஸ் பெட்டியா இருந்துச்சாக்கும்? சரி, குரல் ஏன் எண்ணெய் போடாத கதவு மாதிரி இருக்கு?"

தம்பி ஒரு காலரை மூன்றாவது முறையாகத் தேய்த்தார். அண்ணி தெர்மாமீட்டரை எடுத்து வந்தார். நூற்றொன்று. பிறகு, துணி மூட்டையில் குத்தும் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதி, தம்பியின் சட்டைக் காலரில் ஊக்கால் குத்தினார்.

"படிங்க. படிக்காம எதையும் தொடமாட்டீங்களே."

'சூடு 101. இன்றே பார்க்கவும். ஒளிக்கக் கூடாது.'

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே கண் கலங்கியது. "அணு குறைஞ்சிருந்தா மாத்திரையை நிறுத்திடுவாங்க அண்ணி. நிறுத்துனா நான் மறுபடி அந்தக் கதவுகிட்டதான் போய் உட்காரணும்."

அண்ணி கல்லாப்பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உட்கார்ந்தா உட்கார்ந்துட்டுப் போங்க. போன தடவை மட்டும் தனியாவா உட்கார்ந்தீங்க? சோத்துத் தட்டை ஏந்திட்டு எதிர்ல உட்கார்ந்தே என் முட்டி தேஞ்சுபோச்சு. இன்னொரு முட்டி மிச்சம் இருக்கு. ஆனா அதுக்கு நீங்க உயிரோட இருக்கணும். எழுந்திருங்க."

கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இரத்தம் எடுத்த நர்ஸ் காலரைப் பார்த்து, "எல்லாரும் இப்படி லேபிளோட வந்தா எனக்கு வேலை மிச்சம்" என்றார். தம்பி அப்போதுதான் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார்.

"அணு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆனா மாத்திரையை நிறுத்துற அளவுக்கு இல்லை. தொண்டைக்கு மருந்து தர்றேன். இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் பார்ப்போம். காய்ச்சல் ஏறினா உடனே வந்துடணும்."

"இன்னும் குறைஞ்சா டாக்டர்?"

"குறைஞ்சா நிறுத்திட்டு வேற வழி தேடுவோம். உங்களைக் கைவிட மாட்டோம். காய்ச்சலை மாத்திரை போட்டு மறைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் என்கிட்ட வழி இல்லை."

"வாரத்துக்கு ரெண்டு ஊசியா!" என்று தம்பி முனகினார்.

"ரெண்டு நாள் கல்லாவிலிருந்து எனக்கு விடுதலை. கடவுள் கண்ணைத் திறந்துட்டார்" என்றார் அண்ணி.

காய்ச்சல் முழுவதும் விட்டு அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, ஒரு அம்மா லேபிள் வெட்டிய சட்டையைத் தயங்கித் தயங்கி நீட்டினார். கல்லாவில் அண்ணி காதைத் தீட்டிக்கொண்டார்.

தம்பி வெட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "உறுத்தியிருக்கும், பாவம்" என்றார். பிறகு சூட்டைக் குறைத்து வைத்து, யார் கண்ணிலும் படாத உள்மடிப்பில் முதலில் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார்.