விடு என்ற சொல்

ஸ்பின்னேக்கர் என்று வாயில் நுழையாத பெயரை அந்தப் படகு கிளப்பில் யாரும் சொல்வதில்லை. பட்டம் என்பார்கள். பின்காற்று கிடைத்தால் படகின் மூக்கில் உப்பி நிற்கும் பெரிய மெல்லிய பாய். அதனால் ஏற்றுவதையும் பட்டம் விடுவது என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். வந்த வினையே அந்தச் சொல்லில்தான்.

சில வருடங்களுக்கு முன், இரண்டு மூக்குள்ள தங்கள் சின்ன கேட்டமரான் படகுகளின் பந்தயத்தில் பட்டத்தையும் சேர்க்கலாமா என்று பார்க்க அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போனார்கள். அண்ணன் சுக்கான் பிடித்தான், தம்பி கயிறு பிடித்தான். பட்டம் பாதி ஏறியிருந்தபோது காற்று திடீரென்று வலுத்தது. அண்ணன் கத்தியதில் தம்பியின் காதில் விழுந்தது ஒரே சொல். "விடு!" பட்டத்தையா, கயிற்றையா? தம்பி பட்டத்தை முழுக்க ஏற்றினான். இரண்டு மூக்கும் தண்ணீரில் குத்தி, படகு தலைகுப்புறக் கவிழ்ந்தது. தம்பி மட்டும் கரை சேர்ந்தான்.

அதற்காக அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் இல்லை. சாப்பிட்டான், வேலைக்குப் போனான், சிரிக்கவும் செய்தான். ஆனால் ஜன்னல் திரை காற்றில் உப்பினால் எழுந்துபோய்க் கட்டிவைப்பான். அண்ணன் எதைச் சொன்னான் என்று தெரியாமலே செத்துவிடுவோமோ என்று பயந்தான். தெரிந்துவிடுமோ என்று அதைவிடப் பயந்தான்.

கிளப்பார் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் பட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். கிளப்புக்குப் பாய் தைக்கிற அண்ணி, இறந்துபோன அண்ணனின் மனைவி, கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"பட்டம் வரட்டும். ஆனா தண்ணியில யாரும் 'விடு'ன்னு சொல்லக் கூடாது. 'ஏத்து', 'இறக்கு', அவ்வளவுதான்."

தேநீருக்குக்கூட ஆளுக்கொரு திருத்தம் சொல்லும் கூட்டம் அது. அன்று எல்லாக் கையும் ஒன்றாக உயர்ந்தது.

முதல் பட்டத்தை அவளே தைத்தாள். வெள்ளோட்டத்துக்கு அவனைக் கூப்பிட்டாள். "வேற யாரு கயிறு பிடிச்சாலும் எனக்கு நம்பிக்கை வராது தம்பி." அவன் போனான்.

அவள் சுக்கானில், அவன் கயிற்றோடு. பட்டம் பாதி ஏறியது. அதே காற்று வந்தது. அவன் காதுக்குப் பின்னால், மூச்சு படும் தூரத்தில், அண்ணன் சொன்னான்.

"கயித்தை விடுடா!"

விட்டான். பட்டம் சரிந்து தண்ணீரில் விழுந்தது. படகு மூக்கை நிமிர்த்திக்கொண்டது.

கரையில் ஈரப் பாயை மடித்துக்கொண்டே அண்ணி, "நான் வாயத் திறக்கிறதுக்குள்ள விட்டுட்டீங்களே, நல்லவேளை" என்றாள்.

"அண்ணன் சொன்னான் அண்ணி."

அவள் கை நின்றது. "என்ன சொன்னாரு?"

"கயித்தை விடச் சொன்னான். அன்னிக்கும் அதைத்தான் சொல்லியிருக்கான்."

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவள் பாயைக் கீழே வைத்தாள். பிறகு அருகில் வந்து, பட்டத்தைத் தண்ணீரிலிருந்து இழுக்கப் பிடித்து, அவன் இன்னும் கையில் இறுக்கி வைத்திருந்த கயிற்றின் மேல் தன் கையை வைத்தாள்.

"விடுங்க தம்பி" என்றாள்.

எதை என்று அவன் கேட்கவில்லை. விரல்கள்தான் பிரியவில்லை.