கருவாடு சம்பந்தமான நிபந்தனைகள்

புதன்கிழமைக்குள் கௌரி இரண்டு விஷயம் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. ஒன்று, வாடகைக்கு இருப்பவர்கள் கருவாடு பொரிக்கும் உரிமைக்காக. மற்றது, தன் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருப்பவர்கள் கருவாடு பொரிக்கக் கூடாது என்பதற்காக.

இதில் ஒரு சிக்கலும் அவளுக்குத் தெரியவில்லை. முதலாவது பத்திரிகைக்கு. இரண்டாவது வீட்டுக்கு.

காப்புறுதிக் கம்பனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கௌரி தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருந்தாள். பெயர் ‘பதினொரு சாவிகள்’. வெள்ளவத்தையில் சொந்த வீடு கட்டும்வரை கொழும்பில் அவள் குடியிருந்த வாடகை வீடுகளின் கதை. அதில் எல்லோரும் பேசியது ஏழாம் அத்தியாயத்தைத்தான். ஒரு வெள்ளிக்கிழமை கருவாடு பொரித்த குற்றத்துக்காக, கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர் லோகேஸ்வரன் அவளைப் பாயும் பெட்டியுமாக ரோட்டில் இறக்கிவிட்ட அத்தியாயம். ‘கையிலிருந்த சட்டி இன்னும் சூடாக இருந்தது’ என்று முடியும். வாசித்துவிட்டு அழுததாகப் பலர் போன் எடுத்தார்கள். அவர்களில் உறவினர் அல்லாதவர்களும் உண்டு.

அழுதார்களே தவிர, யாரும் இன்னொரு பிரதி வாங்கவில்லை. அப்போதுதான் ஞாயிறு பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் இஸ்ஸதீன் கூப்பிட்டார்.

“மேடம், புத்தகத்த சும்மா வச்சிக்கொண்டு ஈக்காதீங்க. அதில உள்ள விஷயத்த ஒவ்வொண்டா எடுத்து கட்டுரையாக்குங்க. பழைய சம்பவம் ஒண்டு, இண்டைக்கு நடக்கிறது ஒண்டு, கடைசியில கோரிக்கை ஒண்டு. வாசிச்சி அழுதிட்டுப் போற கட்டுரை எனக்கு வாணாம். யாரிட்டயாவது எதையாவது கேக்கோணும்.”

“ஆரிட்டக் கேக்கிறது?”

“அத நீங்கதான் செல்லோணும். முதல் கட்டுரை புடிச்சிட்டா வாராவாரம் உங்களுக்கு ஒரு பத்தி. போட்டோவோட.”

போட்டோவோடு என்ற பிறகு அவர் சொன்னது எதுவும் கௌரியின் காதில் விழவில்லை. எதிர்வீட்டு மயூரியின் படம் அந்தப் பத்திரிகையில் வருடக்கணக்காக வாராவாரம் வருகிறது. சமையல் குறிப்புக்குத்தான். இருந்தாலும் வருகிறது.

கட்டுரை மளமளவென்று வந்தது. கோரிக்கையும் வந்தது. ‘வாடை பிடிக்காவிட்டால் வீட்டுக்காரர் தன் ஜன்னலைத் தானே சாத்திக்கொள்ளட்டும். குடியிருப்பவரின் அடுப்பை அணைக்க வேண்டாம்.’ எழுதியதை அவளே ஒரு தரம் சத்தமாக வாசித்தாள். புல்லரித்தது.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக வாடை வந்தது.

பின்பக்க அனெக்ஸில் உஷாந்தியும் அவள் புருஷன் வினோதனும் இருந்தார்கள். நல்ல பிள்ளைகள். சத்தம் சந்தடி கிடையாது. ஒரே குறை, வினோதனின் ஊர் மன்னார். அவன் தாய் மாதாமாதம் புறக்கோட்டை பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவாள். பார்சல் வந்த வாரம் முழுக்க கௌரியின் சாமியறைப் படங்கள் கருவாட்டு வாடையில் நின்றன. அந்தச் சாமியறை வைத்த நாளிலிருந்து கௌரி சைவம்.

லோகேஸ்வரனும் சைவம்தான். ஆனால் அவர் ஈவிரக்கம் இல்லாத மனுசன். கௌரிக்கு இருந்தது நியாயமான காரணம்.

அக்ரிமென்ட் புதுப்பிக்கிற மாதம். நிபந்தனைகளைத் தனித் தாளில் எழுத உட்கார்ந்தாள். தோதான வார்த்தை அகப்படவில்லை. கடைசியில் தன் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்தையே திறந்தாள். லோகேஸ்வரனின் நிபந்தனை அங்கே சொல்லுக்குச் சொல் இருந்தது.

‘குடியிருப்போர் கருவாடு, நெத்தலி, மாசி ஆகியவற்றைப் பொரிக்கவோ, சுடவோ, வாடை எழும்பும் வண்ணம் வைத்திருக்கவோ ஆகாது.’

மனுசன் எப்படிப்பட்டவராக இருந்தாலும் எழுத்தில் ஓர் ஓட்டை இல்லை. அதையே முதல் வரியாகப் போட்டாள். கட்டுரையும் அதே வரியை எடுத்துக்காட்டித்தான் தொடங்கியிருந்தது.

இரண்டையும் ரிப்கானின் கொமியுனிகேஷன் கடையில் டைப் பண்ணக் கொடுத்தாள். அவன் இரண்டையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். போனில் இரண்டு தாளும் ஒன்றன்கீழ் ஒன்று கிடந்தன. இரண்டிலும் தலைப்பகுதி மட்டும் தெரிந்தது. கருவாடு, நெத்தலி, மாசி. கருவாடு, நெத்தலி, மாசி.

ஒன்றை இஸ்ஸதீனுக்குத் தட்டிவிட்டாள். மற்றதை உஷாந்திக்கு.

ஞாயிறு காலை. பத்திரிகை வந்து வாசலில் விழுந்த சத்தமும் போன் அடித்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

“மேடம்! என்ன வேல செஞ்சீக்கிறீங்க!” இஸ்ஸதீன்.

“ஏன், என்ன?”

“நான் கட்டுரை கேட்டா, நீங்க வீட்டுக்காரர்ட வேஷத்தப் போட்டு நிபந்தனை எழுதி அனுப்பீக்கிறீங்க! ‘விருந்தினர் தடிமன், சளி, இருமலுடன் வருதல் ஆகாது.’ ஒஃபிஸ் முழுக்க சிரிச்சி வயிறு நோகுது. அடியில கையெழுத்து வைக்க கோடு வேற!”

கௌரி ஒரு கையால் பத்திரிகையைப் பிரித்தாள். ஐந்தாம் பக்கம். அவளுடைய படம். மயூரியுடையதை விடப் பெரிசு. கீழே, அவள் மனதார எழுதிய பன்னிரண்டு நிபந்தனைகள். மேலே கொட்டை எழுத்தில்: ‘இப்படியும் வீட்டுக்காரர்கள்!’

“பத்தி உங்களுக்குத்தான் மேடம். ஆனா இதே பாணி. கோரிக்கை, கண்ணீர் ஒண்டும் வாணாம். சரியா?”

நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள். படத்தை இன்னொரு தரம் பார்த்தாள்.

“ஓம்” என்றாள்.

போனை வைத்த பிறகுதான் மற்றது உறைத்தது. நிபந்தனை பத்திரிகைக்குப் போனது என்றால், அனெக்ஸுக்குப் போனது?

வாசல் மணி அடித்தது.

உஷாந்தி நின்றாள். ஒரு கையில் தாள்கள். மறுகையில் மூடிய தட்டு.

“அன்ரி, அக்ரிமென்ட்டில சைன் வச்சுக் கொண்டந்தனான். இவரும் வச்சவர், பக்கத்துக்குப் பக்கம்.”

“பிள்ளை, அது வந்து...”

“முதல் வரியைப் பாத்திட்டு, சரி, வேற வீடு தேட வேண்டியதுதான் எண்டு நினைச்சனாங்கள். பிறகு கீழ வாசிச்சால், வாடை எண்டால் வீட்டுக்காரர்தான் தன்ர ஜன்னலைச் சாத்தோணுமாம்! இவர் மாமிக்கும் போனில வாசிச்சுக் காட்டினவர். மாமி அழுதிட்டா.”

“அழுதவவோ?” கௌரி தன்னை மறந்து கேட்டாள். “எந்த இடத்தில?”

“சட்டி சூடா இருந்தது எண்ட இடத்தில. எழுத்தாளர் வீட்டு அக்ரிமென்ட் இப்பிடித்தான் இருக்குமாம், இவர் சொன்னவர். நீங்களும் ஒரு சைன் வச்சால் சரி அன்ரி.”

தாள் மாறிவிட்டது என்று சொல்லலாம். சரியான தாளை எடுத்துக் கொடுக்கலாம். அந்தத் தாள் ஐந்தாம் பக்கத்தில், அவள் படத்துக்குக் கீழே இருந்தது. வெள்ளவத்தை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

கையெழுத்து வைத்தாள்.

உஷாந்தியின் கண் மேசையில் கிடந்த பத்திரிகையில் விழுந்தது. “ஐயோ அன்ரி, இதை விடியவே போனில வாசிச்சு விழுந்து விழுந்து சிரிச்சனாங்கள். இப்பிடி ஒரு ஆள் உண்மையாவே இருந்தவரே?”

“இருந்தவர். கொட்டாஞ்சேனையில.”

“பன்னிரண்டு நிபந்தனையும் அந்தாள்தானோ?”

“பன்னிரண்டும்” என்றாள் கௌரி.

“விசர் மனுசன். நல்ல காலம், நாங்கள் உங்களிட்ட வந்தம்.” தட்டை மேசையில் வைத்தாள். “மாமி குடுக்கச் சொன்னவ. நீங்கள் சைவம்தான், தெரியும். அண்டைக்கு அந்தாள் சாப்பிட விடேல்லைத்தானே, மனசில கிடக்கும் எண்டு சொன்னவ.”

பின்னேரம் கௌரி அடுத்த வாரப் பத்தியை எழுத உட்கார்ந்தாள். நக்கலாக எழுதிப் பார்த்தாள். வரவே இல்லை. மனதில் இருப்பதைத்தான் அவளுக்கு எழுத வரும். வெளியே போர்ட்டிக்கோவில் வினோதனின் மோட்டார் சைக்கிள் எண்ணெய் ஒழுக்கிக்கொண்டு நின்றது.

பேனாவை எடுத்தாள். ‘போர்ட்டிக்கோவில் வாகனம் நிறுத்துவோர் கைக்கொள்ள வேண்டிய நிபந்தனைகள்’ என்று எழுதினாள். பிறகு கை நிற்கவே இல்லை. அவ்வளவு கோபம், அவ்வளவு உண்மை.

எட்டாவது நிபந்தனையில் இருக்கும்போது அனெக்ஸ் பக்கமிருந்து வாடை வந்தது.

அக்ரிமென்ட் அக்ரிமென்ட்தான். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

வாடை போகவில்லை. தட்டு உள்ளே இருந்தது.