காய்ந்த இடம்

செவலையின் முதுகில் இடது பக்கம் மயிர் தேய்ந்து, தோல் சிவந்து வீங்கியிருந்தது. குதிரைக்காரன் அய்யனார் வேப்பெண்ணெய் தடவக் கை வைத்ததும் குதிரை உதறியது. பின்னால் வந்து நின்ற மிராசுதார் அரங்கநாதன் அதைவிட மோசமாய் உதறினார், வாயால்.

"கொள்ளு திருடத் தெரியுது, குதிரைய பாத்துக்கத் தெரியல."

"சேணம் கடிக்குதுங்க எசமான்."

"பட்டாளத்து துரை ஏறின சேணம்டா அது. அவரு குதிரைய கடிக்காதது இத்த கடிக்குதா?"

கப்பலேறி ஊர் போன ஒரு துரையிடம் வாங்கிய சேணம். அகன்ற முதுகுள்ள சீமைக்குதிரைக்குச் செய்தது. செவலையோ நாட்டுக்குதிரை, அதன் முதுகெலும்பு கூரை முகடு மாதிரி எழும்பி நிற்கும். ஆனால் வில்லியனூர்த் தேருக்கு வடம் பிடிக்க வரும் பிரெஞ்சு கவர்னர் துரையின் கண்முன்னே அந்தச் சேணத்திலேயே போய் இறங்கவேண்டும் என்று மிராசுதாருக்கு ஆசை. தேருக்குப் பத்து நாள் இருந்தது.

"அதுக்குள்ள சரியாவணும். இல்லன்னா இத்த ரயிலடி ஜட்காகாரனுக்கு ஓட்டிவுட்டுட்டு, நீயும் அப்படியே போயிடு."

அய்யனாருக்கு வேறு வேலை கிடைக்கும். செவலைக்குக் கிடைக்காது. ஜட்காவில் மாட்டிய குதிரை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதை அவன் ரயிலடியில் பார்த்திருக்கிறான். குட்டியாய் வந்த நாள்முதல் அவன் கையில் தின்ற குதிரை.

சேரியிலிருந்து தோல் தைக்கும் ஆதிமூலம் வந்தான். சேணத்தின் அடிமெத்தையைப் பிரித்து ஆட்டுமயிர் திணித்தான். பிறகு அய்யனாரிடம் சொன்னான்: "எசமான ஏறிக் குந்தச் சொல்லு. ஆளு மேல இருக்கசொல்ல அடியில கைவுட்டுப் பாத்தாதான் எங்க அழுத்துதுன்னு தெரியும்."

மிராசுதாரின் முகம் கறுத்தது. "அவன் கை என் தொடைக்கடியிலயா? நல்லாருக்குது கதை. நீ ஏறுடா அய்யனாரு."

அய்யனார் ஏறினான். ஆதிமூலம் சுற்றிலும் கைவிட்டுப் பார்த்து, சரியாயிருக்கிறது என்று சொல்லிப் போனான். குதிரைக்கும் குதிரைக்காரனுக்கும் பொருந்திய சேணம் அப்படி உருவாயிற்று.

வீக்கம் வடிய ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் மிராசுதார் மடுகரையிலிருந்து நெட்டப்பாக்கம்வரை போய் வந்தார். அய்யனார் சேணத்தை அவிழ்த்தான். ஓடி வந்த குதிரையின் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்திருக்க வேண்டும். எங்கே காய்ந்திருக்கிறதோ அங்கேதான் சேணம் அமுக்குகிறது. செவலைக்கு இடது பக்கம் உள்ளங்கையளவு காய்ந்திருந்தது.

ஆதிமூலத்தை வரவழைத்து, வெயிலில் நிற்கவைத்து, மிராசுதார் அவன் மூன்று தலைமுறையையும் இழுத்து ஏசினார். கேட்டுக்கொண்டிருந்த அய்யனாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தையல்ல குத்தம் இல்லீங்க. எசமான் இடப்பக்கமா சாஞ்சி குந்தறீங்க."

சின்ன வயதில் கரும்பு வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு பிசகியவர் அவர். ஊருக்கே தெரியும். யாரும் சொன்னதில்லை. சவுக்கு அய்யனாரின் தோளில் விழுந்தது.

"நான் கோணலா?"

"அடிங்க. நான் சொல்லலன்னாலும் அது முதுகுல எழுதியிருக்குது. வந்து பாருங்க."

மிராசுதார் பார்த்தார். காய்ந்த இடத்தைச் சுற்றி வியர்வை பளபளத்தது. வெகுநேரம் பார்த்தவர், "அவன வந்து கைவுட்டுப் பாக்கச் சொல்லு" என்று சுவரிடம் சொன்னார்.

இப்போது ஆதிமூலம் நகரவில்லை. "அன்னிக்குத் தீட்டான கை, இன்னிக்கி இன்னா மஞ்சத்தண்ணி ஊத்திகினு வந்துச்சா? நான் தொடமாட்டேன். நீ கைவுட்டுச் சொல்லு, நான் தைக்கிறேன்."

அவன் வைக்கோல்போர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மிராசுதார் ஏறினார். அய்யனார் சேணத்துக்கடியில் கைவிட, விரல்கள் நசுங்கின.

"இடப்பக்கம் ஒத்த வெரலு கூட போவல."

"வலப்பக்கம்?"

"கையே போவுது."

"மூட்டைய கொஞ்சம் முன்னால தள்ளு."

"யார மூட்டைன்ற?" என்றார் மிராசுதார்.

"சேணத்துல இருக்கறத," என்றான் ஆதிமூலம், திரும்பாமலே.

இறக்கி, அவர் சாயாமல் உட்கார இடது மெத்தையை உயர்த்தித் தைத்து, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கி, பொழுது சாயும்வரை அவரை நான்கு முறை ஏற்றி இறக்கினார்கள். நோகாமல் நோன்பு கும்பிட முடியாது என்று ஆதிமூலம் வைக்கோல்போரிடம் சொன்னான். மிராசுதார் பல்லைக் கடித்த சத்தம் கேட்டது.

தேரன்று சாயங்காலம் மிராசுதார் வில்லியனூரிலிருந்து திரும்பி இறங்கினார். "அந்த துரை குதிரைப் பக்கம் திரும்பக்கூட இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சவாரி முடிந்தால் எப்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் அன்று அப்படி நடக்கவில்லை என்பதை அய்யனார் கவனித்தான்.

சேணத்தை அவிழ்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஆதிமூலம் நின்றிருந்தான். எப்போது வந்தானோ.

"காஞ்சிருக்கா?"

அய்யனார் உள்ளங்கையை முதுகு நெடுக ஓட்டினான். "முழுசும் ஈரம்."

ஆதிமூலம் காறித் துப்பிவிட்டு நடந்தான்.

"கொள்ளு அளந்து வை. திருடாத," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அய்யனார் அதுவரை திருடியதில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக, அளந்ததற்குமேல் இரண்டு கை அள்ளி செவலைக்கு வைத்தான்.