அவர் பெயரில் படித்தவள்

"எதுக்கும்மா அந்தக் காகிதத்தை அப்படி முறைக்கிறே? எழுத்து பயந்து ஓடிடவா போகுது?" என்றாள் மாமியார், தேநீரை ஊற்றிக்கொண்டே.

மருமகள் கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என் பதிவைப் புதுப்பிக்க மாட்டாங்களாம் அத்தை. இனிமே நான் ஒரு நாய்க்குட்டிக்கு ஊசி போட்டாக்கூட குத்தமாம்."

எதிரே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கணவர் நிமிரவில்லை. அவர் கையிலிருந்த கத்தி மட்டும் ஒரு நொடி நின்று, மறுபடி நகர்ந்தது.

"போனா போகட்டும். வீட்டுக்கு ஒரு டாக்டர் போதாதா? ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு போர்டு எதுக்கு?" என்றாள் மாமியார். அவள் கெட்டவள் அல்ல. உலகம் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டவள், அவ்வளவுதான்.

ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. கால்நடை மருத்துவர் மன்றத்தில் பதிவு செய்த ஒவ்வொருவரும் ஐந்து ஆண்டுகளுக்குள் முப்பது மணி நேரம் தொடர்கல்வி படித்திருக்க வேண்டும். கணவருடைய கடிதத்தில் நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் என்று போட்டு, பாராட்டும் சொல்லியிருந்தார்கள். அவளுடையதில் பூஜ்ஜியம்.

அந்த நூற்றுப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட அவர் படித்ததில்லை.

வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவர்களுடைய கிளினிக். வருகிறவர்கள் அவரைப் பெரிய டாக்டர் என்பார்கள், அவளைச் சின்ன டாக்டர். பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை கதவைச் சாத்தியதும் பெரிய டாக்டர் மேலே போய்க் குறட்டை விடுவார். சின்ன டாக்டர் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் கணினியைத் திறந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு உட்காருவாள். மன்றத்தின் தொடர்கல்வித் தளத்துக்கு அவர் பெயரில்தான் சந்தா. புதிய மயக்க மருந்துகள், கிழட்டு நாயின் சிறுநீரகம், முயலின் பல், பூனையின் இதயம் என்று பாடங்கள் வரும். நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். நோட்டில் கோடு போட்டு எழுதுவாள். முடிவில் வரும் இருபது கேள்விக்கும் பதில் சொல்லித் தேறுவாள். அச்சு இயந்திரத்திலிருந்து சான்றிதழ் சூடாக வெளியே வரும், அவர் பெயரோடு.

"முதல்ல என்னோடது முடியட்டும். அப்புறம் உன் பேரையும் சேர்த்துடலாம்" என்று தொடக்கத்தில் அவர்தான் சொன்னார். அவள் நம்பினாள். புருஷன் சொன்னதை எழுதி வாங்கிக்கொள்ளவா முடியும்? இரண்டு முறை கேட்டாள். "செஞ்சிட்டேன்னுதானே சொன்னேன்?" என்று இரண்டாம் முறை எரிந்து விழுந்தார். வீணாகச் சந்தேகப்படுவது தன்னுடைய பழக்கம்தான் என்று அவள் தன்னையே கடிந்துகொண்டாள்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. அவள் கீழே இறங்கி மன்றத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். மறுமுனையில் இருந்த எழுத்தர் பொறுமைசாலி. கோப்பைத் தேடி எடுத்தார்.

"உங்க கிளினிக் சந்தாவுல ரெண்டு டாக்டர் பேரைச் சேர்க்கலாமே மேடம். கூடுதலா எதுவும் கட்டவே வேண்டாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்களே கேட்டு எழுதியிருக்கோம்."

"எனக்குக் கடிதம் எதுவும் வரலையே?"

"பதில் வந்திருக்கே. 'என் மனைவி தொழிலிலிருந்து விலகிவிட்டார், வீட்டைக் கவனித்துக்கொள்கிறார்.' கீழ உங்க வீட்டுக்காரர் கையெழுத்து."

பதில் எழுதியது எந்த மாதம் என்று அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று யோசித்தாள். அந்த மாதத்தில்தான் கன்று போட முடியாமல் தவித்த ஒரு பசுவுக்கு வயிற்றைத் திறந்து அறுவை செய்தாள். பெரிய டாக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன். அந்தப் பாடமெல்லாம் நான்தான் படிச்சேன்னு நிரூபிச்சா?"

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "அப்படி எழுதிக் குடுத்துடாதீங்க. ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் பரீட்சை எழுதினா ரெண்டு பேர் பதிவும் போயிடும். முதல்லேருந்து முப்பது மணி நேரம் சேருங்க. வேற வழியில்ல."

அவள் எழுதிய பதினோரு நோட்டுகளும் அலமாரியில் இருந்தன. அவை அவள் படித்ததற்குச் சாட்சி. அவள் செய்த தப்புக்கும் அவையே சாட்சி. நானும்தானே பொய் சொன்னேன் என்று நினைத்தாள். ஆனால் என் பொய்யில் எனக்கென்று ஒரு துளி லாபம்கூட இல்லையே?

அன்று பகல் கிளினிக்கைச் சாத்தியதும், அவர் படியேறப் போகும்போது மறித்துக் கேட்டாள்.

"நான் தொழிலை விட்டுட்டேன்னு எப்பங்க சொன்னேன்?"

அவர் மறுக்கவில்லை. ஏதோ பழைய துணியைத் தூக்கிப் போட்ட மாதிரி சொன்னார்.

"அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதுவுமில்லாம, வர்றவன் எல்லாம் என்னைப் பார்த்துட்டு 'சின்ன டாக்டர் இல்லையா?'ன்னு கேட்டா எனக்கு எப்படி இருக்கும்? நான் என்ன வாசல்ல நிக்கிற காவல்காரனா?"

"அதுக்காக?"

"அதுக்காக என்ன? உன்னை நான் உள்ள விடலையா? நீ பாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே? பேர் யாரோடதா இருந்தா என்ன? நாம ஒண்ணுதானே?"

நாம் ஒன்று. அந்த ஒன்று அவர்தான் என்பது அவளுக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

மறுநாளிலிருந்து அவள் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பிராணிகளின் எடையை எழுதினாள். கிளியோடு வந்த முதியவர் ஒருவர், "சின்ன டாக்டர் இல்லையா?" என்று கேட்டார். "அவங்க இப்ப பார்க்கிறதில்ல" என்றார் பெரிய டாக்டர், அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு. முதியவர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார். கிளிதான் ஏதோ திட்டியது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கால்நடை மருத்துவர் சங்கத்தில் ஒரு கருத்தரங்கு. நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் படித்த மேதையைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, ஆண் பூனைகளின் சிறுநீர் அடைப்பு. திரையில் காட்ட வேண்டிய முப்பத்திரண்டு பக்கங்களையும் கடிதம் வருவதற்கு முந்தின வாரமே அவள் தயார் செய்து கொடுத்திருந்தாள்.

அவர் கிளம்பிப் போனபின், அவளும் பேருந்து ஏறிப் போய், பார்வையாளராகத் தன் பெயரைப் பதிவு செய்துகொண்டாள். ஒரு மணி நேரப் பேச்சு. கேட்டால் ஒரு மணி நேரம் அவள் கணக்கில் சேரும்.

நான்காவது வரிசையில் உட்கார்ந்து, தான் எழுதிய வாக்கியங்களை அவர் வாயால் கேட்டாள். நன்றாகத்தான் படித்தார். அடைப்பு வந்த பூனைக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு குறையும், முதலில் இதயத்தைக் காப்பாற்று, அப்புறம் அடைப்பை எடு. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

கேள்வி நேரத்தில் பின்னாலிருந்து ஓர் இளம் மருத்துவர் எழுந்தாள்.

"சார், நேத்து ஒரு பூனைக்கு அடைப்பை எடுத்தேன். இப்பவும் என் கிளினிக்லதான் இருக்கு. எடுத்ததிலேருந்து சிறுநீர் கொட்டிக்கிட்டே இருக்கு. டிரிப்பைக் குறைக்கவா, கூட்டவா?"

அது முப்பத்திரண்டு பக்கங்களுக்குள் இல்லை. பெரிய டாக்டர் திரையைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். பிறகு, தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்களின் தைரியத்தோடு சொன்னார். "நாம தண்ணி விடுறதாலதானே அவ்வளவு போகுது? டிரிப்பைக் குறைச்சிடுங்க."

இளம் மருத்துவர் கைப்பேசியை எடுத்துக் கிளினிக்கை அழைக்கப் போனாள். அவள் விரல் எண்ணைத் தேடுவதைச் சின்ன டாக்டர் பார்த்தாள். இந்தச் சபையில் புருஷனை மறுத்துப் பேசினால் என்ன ஆகும் என்று யோசிக்க நேரம் இருந்தது. எங்கோ ஒரு மேசையில் படுத்திருக்கும் பூனைக்குத்தான் நேரம் இல்லை. எழுந்தாள்.

"குறைக்காதீங்க. அடைப்பு எடுத்தப்புறம் சிறுநீரகம் தானாவே தண்ணியை வெளியே தள்ளும். நீங்க குறைச்சா பூனை வத்திப்போயிடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் பிடிக்கிற பையில எவ்வளவு இறங்கியிருக்குன்னு அளங்க. போற அளவுக்கு டிரிப்ல ஈடு கட்டுங்க. பொட்டாசியத்தையும் பாருங்க, இப்ப அது கீழ இறங்கும்."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. "நீங்க யாரும்மா? டாக்டரா?" என்று கேட்டார் சங்கத் தலைவர்.

அவள் வாய் திறப்பதற்குள் மேடையில் ஒலிபெருக்கி பேசிவிட்டது. "என் மனைவிதான். நான் படிக்கிறதைப் பக்கத்துல இருந்து கேட்டுக் கேட்டு அவங்களுக்கும் கொஞ்சம் பழகிடுச்சு."

அரங்கம் சிரித்தது. கெட்ட எண்ணமில்லாத, நல்ல மனிதர்களின் சிரிப்பு. அவள் உட்கார்ந்தாள். இளம் மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பேசியில், "குறைக்காதே, பையை அள" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் ஒவ்வொருவரும் வருகைப் படிவத்தில் பேச்சாளரின் கையெழுத்தை வாங்க வேண்டும். சின்ன டாக்டர் வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் படிவத்தை நீட்டினாள்.

"உனக்கு எதுக்கு இந்த வரிசை? வீட்டுக்கு வந்தா போட மாட்டேனா?" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வீட்ல செஞ்சதெல்லாம் உங்க பேர்லயே போயிடுச்சு. இங்கேயே போடுங்க."

பின்னால் இருபது பேர் நின்றார்கள். போட்டார்.

வெளிவாசல் மேசையில் மன்றத்து எழுத்தர் படிவத்தைப் புரட்டினார். "பின்பக்கமும் நிரப்பணும் மேடம். அப்பத்தான் மணி நேரம் ஏறும்."

பின்பக்கத்தில் ஒரே கேள்வி. பேச்சாளருக்கு உங்கள் யோசனை என்ன?

அவள் பேனாவைத் திறந்தாள். அடித்துத் திருத்தாமல், தெளிவான எழுத்தில் எழுதினாள்: "பேச்சாளர் பாடங்களைத் தாமே படிக்க வேண்டும்." கீழே முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் போட்டாள்.

எழுத்தர் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"இது உங்க வீட்டுக்காரரைப் பத்தித்தானே?"

"ஆமா. அதனாலதான் இவ்வளவு நிச்சயமா எழுதியிருக்கேன். முத்திரையைப் போடுங்க."