சட்டக் கருத்துரையும் பதினொரு குழிகளும்

மலேசியாவின் லூனாஸில் இருளப்பன் வீட்டு ஹாலில் முதல் குழி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்றரை அடி அகலம், உள்ளே செம்மண் தண்ணீர், அதன்மேல் ஒரு ரப்பர் இலை. ஊருக்கு வெளியே ஐந்தாம் கட்டை ரப்பர் தோட்டத்துப் பாதையில், அதே அளவுக் குழியில்தான் அன்று காலை மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கும் முருகையா விழுந்திருந்தார்.

இருளப்பன் நகராண்மைக் கழக உறுப்பினர். தனியார் தோட்டத்துப் பாதைக்குக் கழகம் தார் போடலாமா என்று மாநிலச் சட்ட ஆலோசகரிடம் கருத்துரை கேட்க வைத்தவரே அவர்தான். பதில் வந்ததும், முக்கியமான கடிதம் என்பதால் குங்குமம் தொட்டுச் சாமி மேடையில் வைத்தார். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரிப்பதாக ஏற்பாடு. வியாழனன்றே கோயில் கூட்டத்தில் தோட்டத்து ஜனங்கள் பதில் என்னவென்று கேட்டுவிட்டார்கள். இன்னும் பிரிக்கவில்லை என்று சொல்ல அவருடைய கௌரவம் விடவில்லை. "சட்டத்துல இடமில்லன்னு எழுதிட்டாங்க லா" என்றார். அரசாங்கக் கடிதம் வேறென்ன சொல்லிவிடப் போகிறது? ஆனால் மறுநாள் அதைப் பிரிக்கக் கை வரவில்லை. முடியும் என்று எழுதியிருந்தால் அவர் பொய்யர். கடிதம் முருகன் படத்துக்குப் பின்னால் போனது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் அந்த முதல் குழி.

மூன்று வருடம் கடிதம் அங்கேயே இருந்தது. பாதையில் ஆள் விழ விழ ஹாலில் குழி விழுந்தது. சிமெண்டு பூசினால் மறுநாளே கரைந்தது. மனைவி உமாராணி சோபாவைச் சுவரோரம் தள்ளினார். வீட்டுக்கு வருகிறவர்கள் கைலியைத் தூக்கிப் பிடித்து நடக்கப் பழகினார்கள். பதினோராவது குழி சாமி மேடைக்கு நேர் முன்னால், முழங்கால் ஆழத்தில் விழுந்தது. தொழிற்சாலைக்குப் புறப்பட்ட தோட்டத்துப் பெண் பிரேமாவதி பாதையில் மோட்டாரோடு விழுந்து, முழங்கால் உடைந்த நாள் அது. அந்த முழங்கால் பிறகு மடங்கவே இல்லை.

"இன்னும் எத்தன பேர் விழணும்?" என்று கேட்டார் உமாராணி.

இருளப்பன் கடிதத்தைப் பிரித்தார். ஒரே பக்கம். பொதுமக்கள் நடமாடும் பாதை. தோட்ட நிர்வாகம் சம்மதித்தால் கழகம் தாராளமாகத் தார் போடலாம். அடுத்த கோயில் கூட்டத்தில் அதைத் தேதியோடு வாசித்து, தான் செய்ததையும் சொன்னார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். நிர்வாகம் ஒரே வாரத்தில் சம்மதித்தது. இரண்டு மாதத்தில் பாதை பளபளத்தது. ஹாலில் இருந்த குழிகள் அப்படியே இருந்தன.

தீபாவளிக்குப் பிரேமாவதி ஊன்றுகோலோடு வந்தாள். பத்துக் குழிகளைச் சுற்றி நடந்து, பதினோராவதன் எதிரே நின்றாள்.

"அண்ணே, இதுதானே என்னோடது?"

"ஆமாம்மா." அவர் தலை நிமிரவில்லை.

அவள் அதன் ஓரமாக நாற்காலியைப் போடச் சொல்லி, காலை நீட்டி உட்கார்ந்து முறுக்குத் தின்றாள். இப்போதும் தினமும் காலையில் இருளப்பன் குனிந்து அந்தக் குழியிலிருந்து ரப்பர் இலையை எடுத்துப் போடுகிறார். மறுநாள் இன்னொன்று கிடக்கிறது.