முழங்கால் மடக்கி

பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு மூட்டைக்காரன் திரும்பிப் பார்த்தான். பாராட்டு வரும் என்றுதான் நினைத்தான்.

பயிற்சியாளன் விசில் ஊதினான். "அண்ணே, மறுபடியும் தப்பு. முதுகு வளையுது. முழங்கால்தான் மடங்கணும்."

இது மூன்றாம் தடவை. தொலைதூரத்துக் கிடங்கு ஒன்றுக்கு ஆளெடுக்கிறார்கள். ஐந்து நிமிடம் படி ஏறி இறங்க வேண்டும், இருபத்தைந்து கிலோ பெட்டியை இருபது முறை தூக்க வேண்டும். படியில் இளவட்டங்கள் நாக்குத் தள்ளி நின்றபோது இவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. பெட்டியைக் கண்டால்தான் உடம்பு தானாகக் குனிந்துவிடுகிறது. பதினெட்டு வருஷம் மண்டியில் நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்கிய உடம்பு. அதற்கு வேறு விதம் தெரியாது. மண்டிக்கு இயந்திரம் வந்து இரண்டு மாதமாக வேலையில்லை. மாலை நாலரைக்கு ரயில். தெருவே கூடி வழியனுப்பிவிட்டது.

"நூறு கிலோ வைங்க தம்பி, தூக்கிக் காட்டுறேன்."

"தூக்குவீங்கண்ணே. நாலு மாசத்துல முதுகு போயிடும். இன்சூரன்ஸ்காரன் என் கழுத்தப் பிடிப்பான்."

பட்டியலில் அவன் பெயர்மேல் கோடு விழுந்தது. அவ்வளவுதான், ஒரு கோடு.

சுவரோரம் பையோடு உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து வந்தாள். கட்டட வேலையில் சித்தாள். "இருங்க தம்பி, அவருக்கு நான் காட்டுறேன். என்னங்க, இங்க பாருங்க. இப்படிக் குந்தி எந்திரிக்கணும், அவ்வளவுதானே?"

பெட்டியை நெஞ்சோடு அணைத்து, முதுகைப் பலகை மாதிரி நிறுத்தி எழுந்தாள். தலையில் கலவைச் சட்டியோடு சாரம் ஏறுகிறவள். முதுகு வளைந்தால் சட்டி கீழே, வேலையும் போச்சு.

"அக்கா, இன்னொரு வாட்டி," என்றான் பயிற்சியாளன். பிறகு எண்ணவே ஆரம்பித்துவிட்டான். இருபதில் அவள் நிறுத்தினாள். படியிலும் ஏறி இறங்கச் சொன்னான். ஏறி இறங்கிவிட்டு, புறங்கையால் நெற்றியைத் துடைத்தபடி கேட்டாள்: "பொம்பளைங்கள எடுப்பீங்களா?"

"ஆறு பேர எடுத்திருக்கோம்க்கா. ஒரு இடம் இப்பதான் காலியாச்சு."

தன் இடத்தைத் தனக்கு முன்னாலேயே பேசுகிறார்கள் என்பது மூட்டைக்காரனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"என்னங்க, வேணாம்னா சொல்லிடுங்க," என்றாள் மனைவி. குரலில் பயம் இருந்தது. வேண்டாம் என்று அவன் சொல்லிவிடுவானோ என்ற பயம்.

"ரயில் நாலரைக்கு," என்றான். பையைத் தூக்கித் தோளில் போட்டான்.

அதன்பின் ஓட்டம்தான். ஸ்டூடியோவில் புகைப்படம், டாக்டரிடம் சான்றிதழ், ஏஜென்ட் ஆபீஸில் அவள் பெயருக்குப் புது டிக்கெட். அவள் முன்னால் போக இவன் பின்னால் ஓடினான். வீட்டில் அவன் சட்டைகளைப் பையிலிருந்து கட்டிலில் கொட்டிவிட்டு அவள் துணிகளைத் திணித்தார்கள். தெருமுனை டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், போன வேகத்துல திரும்பிட்ட? ரயிலத் தள்ளிவிடச் சொன்னாங்களா?"

அவன் சிரிக்க முயன்றான். முகம் ஒத்துழைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மகளை வெளியே அழைத்தார்கள். ஒன்பது வயது. காலையில் அப்பாவுக்காக அழுது தீர்த்தவள்.

"அப்பா, ரயில விட்டுட்டியா?"

"இல்லம்மா. அம்மாதான் போறா."

மகள் விளையாட்டு என்று சிரித்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

மகளையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தபோது வண்டி நின்றிருந்தது. மனைவி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள். "இவளுக்கு இருமல் மருந்து அலமாரி மேல. சாவிய பக்கத்து வீட்ல கொடுங்க. சோறு குழைய விடாதீங்க. ஆறே மாசந்தான்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. வண்டி நகர்ந்தது. கூடவே நடந்தான், பிறகு ஓடினான். சக்கரச் சத்தத்தில் அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. கடைசியாக மூன்று விரலைக் காட்டினாள். பதறிப்போய் மறுபடியும் காட்டினாள்.

அவனும் மூன்று விரலைத் தூக்கி, புரிந்துவிட்ட மாதிரி பலமாகத் தலையாட்டினான். அவள் முகம் தெளிந்தது. வண்டி வளைவில் திரும்பியது.

மகள் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தாள். "மூணு என்னப்பா?"

அவன் இன்னும் விரல்களை இறக்கவில்லை.