கீழ் வீடு கிடைக்கவில்லை

லாரி போய் நின்றபோது, எங்களுக்கென்று பேசி முடித்திருந்த வீட்டு வாசலில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது.

வீட்டுத் தரகருக்குப் போன் செய்தேன். வீட்டுக்காரர் அன்று காலையில்தான் ஒரு கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டாராம், அவர்களுடைய இன்ஜினியர்கள் தங்குவதற்கு. இந்த ஊரில் அப்படித்தானாம், கண்மூடித் திறப்பதற்குள் வீடு கைமாறிவிடுமாம். நான் கொடுத்த முன்பணம் பத்திரமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்றார். அதை விரித்துப் படுத்துக்கொள்ளவா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

லாரியின் முன்பக்கத்தில், டிரைவருக்குப் பக்கத்தில், முதுகுக்கு ஒன்றும் இடுப்புக்கு ஒன்றுமாகத் தலையணை வைத்து என் கணவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் எங்கள் மொத்த வாழ்க்கையும் கயிறு கட்டிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஊரே பார்க்கும்படி, கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில்.

அவர் பெயிண்டர். ஒரு கட்டிடத்தின் வெளிச்சுவரில் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தவர். முதுகெலும்பு முழுதாக ஒடியவில்லை, அதுவே அதிர்ஷ்டம் என்றார்கள். அதிர்ஷ்டம் என்ற சொல்லை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சமதரையில் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடப்பார். படிக்கட்டு மட்டும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் ரத்தம் எடுப்பவள். பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊசி குத்துவதுதான் வேலை. யாரைப் பார்த்தாலும் என் கண் முகத்துக்குப் போகும் முன் முழங்கை மடிப்புக்குப் போகும். தெற்கே ஓர் ஊர் கிடுகிடுவென்று வளர்கிறது, அங்கே புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள், முதுகு போனவர்களை நடக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு விண்ணப்பித்தேன். கிடைத்தது. வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு அங்கேயே வைத்தியம் பார்ப்பார்கள். மறுநாள் காலை நான் சேர வேண்டும், அவரையும் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். சேராவிட்டால் அந்த இடத்துக்கு வரிசையில் ஆள் நிற்கிறது. அதனால் எங்களுக்கு ஒரு கீழ் வீடு வேண்டும். இன்றைக்கே வேண்டும்.

லாரி டிரைவர் குண்டான ஆள். அவர் கையில் நரம்பைத் தேடித்தான் எடுக்க வேண்டும். நல்ல மனம் எங்கே இருக்கிறது என்றும் அப்படித்தான் தேட வேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் வேறோர் இடத்தில் டைல்ஸ் லோடு ஏற்ற வேண்டுமாம். தெருவிளக்கு எரிந்த பிறகு லாரி இந்தத் தெருக்களில் நிற்கக் கூடாதாம். பேசியபடி பேசிய இடத்துக்கு வந்தாயிற்று, இனிமேல் சுற்றுவது தன் புண்ணியம் என்றார். நான் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்ட பிறகு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வீடு கேட்டுப் போகிறவர்கள் இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு, சிரித்த முகமாகப் போவார்கள். குடும்பத்தின் ஓட்டை உடைசல் எல்லாம் குடிவந்த பிறகு மெல்லத் தெரிந்தால் போதும். நாங்களோ மொத்தத்தையும் தெருவில் பரப்பிக்கொண்டு போனோம். பிடி உடைந்த வாளி, கறை படிந்த மெத்தை, அவருடைய படுக்கைச் சட்டி, எல்லாம் தெருவுக்கே காட்சிப் பொருள். கட்டில் அதற்கெல்லாம் தலைமை தாங்கியது.

முதல் வீட்டுக்காரர் பெரிய மனிதர். கட்டில் யாருக்கு என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். உச்சுக் கொட்டினார், நல்லபடியாகக் கவனித்துக்கொள்ளும்படி எனக்குப் புத்தி சொன்னார், கேட்டைச் சாத்திக்கொண்டார். உண்மைக்கு அவ்வளவுதான் மரியாதை.

இரண்டாவது வீட்டில், பழைய கட்டில், சும்மா படுக்க வாங்கினோம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த வீட்டு அம்மா அண்ணாந்து பார்த்து, ஆஸ்பத்திரி வைக்கப் போகிறீர்களா என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பைவிட அந்தப் பெரிய மனிதரின் உச்சுக் கொட்டலே தேவலை.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் மாடி. ஊர் வளர்கிறது, வளர்கிறது என்றார்கள். வளர்ந்ததெல்லாம் மேலே பார்த்துத்தான் வளர்ந்திருந்தது. கீழே கடை, இல்லை கார் நிறுத்துமிடம், இல்லை வீட்டுக்காரர். தெருவுக்குத் தெரு தோண்டிப் போட்டிருந்தார்கள். எங்கே திரும்பினாலும் பச்சை வலை போர்த்திய கட்டிடம், சாரம், சிமெண்டுப் புழுதி. அவர் சாரங்களைப் பார்க்காமல் மடியையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பார்த்தேன். இத்தனை ஜன்னல்களில் எங்களுக்கு ஒரு ஜன்னல் இல்லையே என்று வயிறு எரிந்தது.

டிரைவர் ஓரமாக நிறுத்தி, இன்னும் ஒரே ஒரு தெரு, அதற்கப்புறம் எங்கே மரம் இருக்கிறதோ அங்கே இறக்கிவிடுவேன் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "அக்கா, அந்தக் கட்டில் மேல இருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒருத்தனும் வீடு குடுக்க மாட்டான்," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "இறக்கிடுங்க," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கட்டிலை வாங்க நான் பட்ட பாடு நாய் படாத பாடு. அது இருந்தால் கைப்பிடியைச் சுற்றி அவரை உட்கார வைக்கலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டும், அவர் வலியில் பல்லைக் கடிக்க வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? தெரு என்றும் பார்க்காமல் கத்தினேன். நான் கத்தி ஓய்ந்ததும் அவர் டிரைவரிடம் திரும்பி, பழைய இரும்புக் கடை எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார்.

கடைக்காரர் கட்டிலைத் தட்டிப் பார்த்தார். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆள் போயிட்டாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"இன்னும் இல்லீங்க," என்று லாரிக்குள்ளிருந்து என் கணவர் சொன்னார்.

கடைக்காரர் கட்டிலை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. கட்டிலைக் கடையில் இறக்கிவிட்டு, திரும்ப வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்தேன். சொன்ன எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அடுத்த தெருவில் ஒரு வீட்டு கேட்டில் வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. வீட்டுக்காரம்மா வெளியே நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு மாதிரி தெரிந்தது, படிக்கிற பிள்ளைகூட முதல் குத்தில் எடுத்துவிடும். மாடிதான் காலி என்றார். நான் திரும்பி லாரியைப் பார்த்தேன். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை இதுதான் மரம்.

வீட்டுக்காரம்மா சுற்றி வளைக்கவில்லை. யார் யார், என்ன வேலை என்று கேட்டார். பிறகு தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு நேராகக் கேட்டார். "முடியாதவங்க யாரும் இல்லியே? தப்பா நெனச்சுக்காதம்மா. முன்ன குடியிருந்தவர் மேல படுத்த படுக்கையாயிட்டாரு. கடைசில அவர எறக்க நாலு பேரு வந்தாங்க. அந்த வளைவுல திரும்ப முடியல. நான் கீழ நின்னு எல்லாத்தையும் பாத்தேன். இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

அவர் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. அதனால்தான் பொய் சொல்ல எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. அப்படி யாரும் இல்லை, என் கணவருக்குப் பெயிண்டிங் வேலை, நாங்கள் இரண்டே பேர் என்று சொன்னேன்.

அப்படியானால் அவரே வந்து வீட்டைப் பார்க்கட்டும், பின்னால் ஆம்பளைக்குப் பிடிக்கவில்லை என்று ஒரே வாரத்தில் காலி செய்தால் தனக்குத்தான் வேலை என்றார் அந்த அம்மா.

லாரிக் கதவு திறந்தது. டிரைவர்தான் சுற்றி வந்து திறந்திருந்தார். "வாங்க மேஸ்திரி, வீட்டப் பாத்துட்டு வந்துரலாம்," என்று உரக்கச் சொன்னார். என் கணவர் வாழ்க்கையில் ஒரு நாளும் மேஸ்திரியாக இருந்ததில்லை. அவர் டிரைவரின் தோளில் கை போட்டுக்கொண்டார், டிரைவர் அவர் இடுப்பில் கை கொடுத்தார். பார்க்கிறவர்களுக்கு நெடுநாள் சிநேகிதர்கள் என்று தோன்றும். அப்படியே வாசல் வரை நடந்து வந்தார்கள்.

வெளிப்பக்கப் படிக்கட்டு. ஒரு பக்கம் கம்பி, ஒரு பக்கம் சுவர். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. முதல் படியில் கால் வைத்து ஏறினார். ஏறியதும் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

"இத அடிச்சது யாருங்க?" என்று கேட்டார். "சுவர்ல பூசின பட்டி காயறதுக்குள்ள பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பாருங்க, விட்டு வருது."

வீட்டுக்காரம்மா கிட்டே வந்து பார்த்தார். ஆமாம் என்றார். அந்த வேலைக்காரர்களைத் திட்டினார். அவர் திட்டி முடிக்கும் வரை இவர் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு அடுத்த படி. அங்கே ஒரு விரிசல். அதை நகத்தால் கீறி, இது மேல்பூச்சு விரிசல்தான், பயப்பட வேண்டாம் என்று நிதானமாக விளக்கினார். அடுத்த படியில் ஈரம். அதற்கு அடுத்ததில் உப்பு பூத்திருந்தது. ஒவ்வொரு படிக்கும் அந்தச் சுவரில் ஒரு குறை கண்டுபிடித்தார். குறை இல்லாத இடத்தில் குறை இல்லை என்று பாராட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவருக்கு எங்கே எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னால் நின்று, கை நீட்டவும் முடியாமல், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டிருந்தேன்.

வளைவில் அவரால் முடியவில்லை. நெற்றியைச் சுவரில் முட்டுக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார்.

"கண்ண மூடிட்டு என்ன பாக்கறாரு?" என்றார் வீட்டுக்காரம்மா.

"கையாலயே பாப்பாரும்மா," என்றார் டிரைவர். "பெரிய மேஸ்திரிங்க அப்படித்தான்."

சொல்லிக்கொண்டே அவர் தன் தொப்பையைக் குறுக்கே வைத்து மறைத்தபடி, என் கணவரை இடுப்போடு தூக்கி அடுத்த படியில் வைத்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

மேலே ஒரு ஹால், ஓர் அறை, சமையலறை. நல்ல வெளிச்சம். என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே வேடிக்கை பார்ப்பவர் போல நின்றார். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. வீட்டுக்காரம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படிச் சுவரை மதித்துப் பார்த்த ஆளை அவர் பார்த்ததில்லையாம்.

"உங்களுக்குத்தான் வீடு," என்றார். "ஒண்ணே ஒண்ணு. வெளிச்சுவர் பூரா நீங்கதான் அடிச்சுத் தரணும். சாரம் நான் கட்டித் தரச் சொல்றேன். நாளன்னைக்கு ஆரம்பிச்சுரலாமா?"

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"சரிங்க," என்றார் என் கணவர்.

சாவி என் கைக்கு வந்தது. இறங்கும்போது பின்பக்கச் சுவரையும் ஒரு பார்வை பார்த்துவிடும்படி அந்த அம்மா சொன்னார். வெளிச்சம் குறைந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கிறேன் என்று ஜன்னலைப் பார்த்தபடியே இவர் பதில் சொன்னார். சாமான்களை டிரைவரும் நானுமாக ஏற்றினோம். டைல்ஸ் லோடைப் பற்றி அவர் அதன்பிறகு பேசவே இல்லை. முனகிக்கொண்டே எல்லாவற்றையும் மேலே கொண்டு வந்து போட்டார். போகும்போது, "வரேன் மேஸ்திரி," என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அவர் சுவரோடு சரிந்து தரையில் கிடந்தார். உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்திருந்தது. மெத்தையை விரித்து, கட்டில் இல்லாமல், அக்குளில் கை கொடுத்து இழுத்துப் படுக்க வைத்தேன். கீழே அந்த அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அவர் ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. அடிக்குரலில் பொரிந்து தள்ளினேன். காலையில் ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவீர்கள், எதற்காக இவ்வளவு தூரம் வந்தோம், நாளன்னைக்குச் சாரம் கட்டினால் என்ன செய்வீர்கள், விழுந்தது போதாதா, எந்தத் தைரியத்தில் அந்த அம்மாவிடம் சரி என்று சொன்னீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"முடியாதுன்னு சொல்லியிருந்தா, வேற வீடு பாத்துக்கங்கன்னு சொல்லியிருப்பாங்க," என்றார். "அப்புறம் கீழ எறங்கணும்ல. என்னால எறங்க முடியாதும்மா."